கோன் செட்டை டைட் பண்ணாதீங்கண்ணே!

வண்டியை சர்வீஸ் விட்டுட்டு சாயங்காலம் எடுக்கப் போனா, பில்லோட சேர்ந்து ஒரு வசனமும் இலவசமா வரும். "முன்னாடி கோன் செட் லூசா இருந்துச்சு தம்பி, நல்லா டைட் வெச்சிருக்கேன்." நாமளும் பெரிசா புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு வந்துடறோம். அந்த "நல்லா டைட்" மேல எனக்கு இருக்கற கடுப்புதான் இந்தப் பதிவு.

(கோன் செட்னா என்னன்னு கேக்கற மக்களுக்கு: முன் ஃபோர்க் சேசிஸோட தலைக்குழாயில திரும்புதுல்ல, அங்க மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு பேரிங். ஆர்எக்ஸ் 100 மாதிரி பழைய வண்டியில, கிண்ணத்துக்கும் கோனுக்கும் நடுவுல கிரீஸ்ல பதிஞ்சு கிடக்கற உதிரி பால்ரஸ்தான் பேரிங். அதுக்கு மேல வெட்டு போட்ட ரிங் நட் ஒண்ணு இருக்கும். இறுக்கத்தை முடிவு பண்றது அதுதான்.)

கோன் செட் லூசா இருந்தா வண்டி சத்தம் போடும். பிரேக் பிடிச்சா 'டக்'குங்கும், குழியில இறங்கினா 'கடக்'குங்கும். கஸ்டமர் அடுத்த நாளே கடை வாசல்ல நிப்பார். அதிகமா டைட்டா இருந்தா ஒரு சத்தமும் வராது. வண்டி ஒரு பக்கமா இழுக்கும், மெதுவா போனா தள்ளாடும். ஆனா ஓட்டறவன் வண்டியைத் திட்ட மாட்டான், தன்னையே திட்டிக்குவான். அதனால ரெண்டுல ஒரு தப்பு பண்ணித்தான் ஆகணும்னா, மெக்கானிக் எப்பவும் டைட் பக்கமே பண்ணுவார். அந்தத் தப்புக்கு கம்ப்ளெயிண்ட் வராதே! நம்ம தொழில்லயும் இதே கதைதான். எரர் காட்டிட்டு விழற புரோகிராமை அன்னைக்கே சரி பண்ணிடுவோம். சத்தமில்லாம தப்புக் கணக்கு போடறது வருஷக்கணக்கா ஓடிட்டு இருக்கும்.

"ஸ்டியரிங் கெட்டியா இருந்தாத்தானே பாஸ் கன்ட்ரோல்?"னு ஒரு கோஷ்டி வரும். தப்பு பாஸ். இரண்டு சக்கர வண்டி நிக்கறதே விழற பக்கம் ஹேண்டில் திரும்பறதாலதான். இடது பக்கம் சாஞ்சா ஹேண்டில் இடது பக்கம் கொஞ்சம் திரும்பும், சக்கரம் போய் எடைக்கு அடியில நிக்கும். சுத்தற சக்கரத்தோட கைரோ விசைதான் எல்லாத்தையும் நிறுத்துதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லுவாங்க. டேவிட் ஜோன்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் வேதியியல்காரர் 1970ல அந்த விசையை ரத்து பண்ற மாதிரி எதிர்ப்பக்கம் சுத்தற சக்கரம் ஒண்ணு மாட்டி ஒரு சைக்கிள் கட்டினார். அதையும் ஓட்ட முடிஞ்சுது. ஆனா ஹேண்டிலைப் பூட்டிட்டு ஓட்டிப் பாருங்க, நாலு அடி கூட தாண்டாது. கோன் செட்டை நல்லா டைட் வெக்கறதுங்கறது அந்தப் பூட்டை முக்கால்வாசி போடற வேலை. வேகத்துல இது அவ்வளவா தெரியாது. சிக்னல்ல, யு டர்ன்ல, மாட்டு வண்டிக்குப் பின்னாடி ஊரும்போது தெரியும்.

ஈரோட்டுல எங்க சித்தப்பாகிட்ட 96 மாடல் ஆர்எக்ஸ் 100 இருக்கு. என்னை விட மூத்தது. ஒரு சர்வீசுக்கு அப்புறம் அவர் மெதுவா போறப்பெல்லாம் காலை ஊன ஆரம்பிச்சார். பஸ் ஸ்டாண்ட் திருப்பத்துல ஒரு தடவை சாஞ்சே விழுந்துட்டார். "அறுபத்திரண்டு வயசாச்சு, பேலன்ஸ் போச்சு, வித்துடுங்க"ன்னு வீட்டுல தீர்ப்பு. அவரும் சாவியை ஆணியில மாட்டிட்டு டவுன் பஸ்ல போக ஆரம்பிச்சுட்டார். நான் சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை விரலால தட்டினேன். தானா ஒரு பக்கம் விழ வேண்டிய ஹேண்டில், விட்ட இடத்துலயே நின்னுச்சு. ரிங் நட்டை எட்டுல ஒரு பங்கு சுத்து கூட தளர்த்தலை. இப்ப மறுபடியும் மார்க்கெட்டுக்கு வண்டியிலதான் போறார். வயசு அதே அறுபத்திரண்டுதான் :-)

எட்டுல ஒரு பங்குங்கறது எவ்வளவுன்னு பாருங்க. ஒரு மில்லிமீட்டர் மரைன்னா 0.125 மில்லிமீட்டர். அந்த அளவுல நடக்க வேண்டிய வேலையை ஸ்க்ரூ டிரைவரை வெட்டுல வெச்சு சுத்தியல்ல ரெண்டு தட்டு தட்டி முடிக்கறாங்க. சி ஸ்பேனர்னு ஒரு சாமான் இருக்குண்ணே!

முறை இதுதான். முன் சக்கரம் தரையில படக்கூடாது. மேல் நட்டைத் தளர்த்தி, ரிங் நட்டைக் கொஞ்சம் இறுக்கி பால்ரஸை உக்கார வெச்சு, திரும்பத் தளர்த்தி, ஆட்டம் நிக்கற இடம் வரைக்கும் மட்டும் கொண்டு வரணும். ஃபோர்க்கோட அடியைப் பிடிச்சு முன்னும் பின்னும் இழுத்தா ஆட்டம் இருக்கக்கூடாது, தட்டினா ஹேண்டில் தானா விழணும். ரெண்டும் ஒரே நேரத்துல இருக்கணும். கிளட்ச், பிரேக் கேபிள் எங்கயாவது பிடிச்சு இழுக்குதான்னும் பாத்துக்கங்க. கடைசியில மேல் நட்டை இறுக்கினதும் எல்லாம் இன்னும் கொஞ்சம் அழுந்தும், அதனால திரும்ப சோதிக்கணும். பெரும்பாலும் இந்தக் கடைசி சோதனையைத்தான் யாரும் பண்றதில்லை.

இன்னொரு கொடுமை. முன் பிரேக்கைப் பிடிச்சு வண்டியை ஆட்டினா 'டக்'குங்குது, உடனே கோன் செட்னு முடிவு. ஃபோர்க் தேஞ்சு ஆடினாலும் அதே 'டக்'தான் வரும். கீழ் பேரிங் பக்கத்துல, சேசிசும் ஃபோர்க்கும் சேர்ற இடத்துல விரலை வெச்சுப் பாத்தா எது ஆடுதுன்னு தெரிஞ்சுடும். அதைப் பாக்காம, ஃபோர்க் பண்ண பாவத்துக்கு கோன் செட்டை நெரிக்கறோம்.

லூசா விட்டா வாப்ளிங் வராதான்னு கேப்பீங்க. வரும். லூசா விடச் சொல்லலை, அளவா வெக்கச் சொல்றேன். ஹேண்டில் நேரா வர்ற இடத்துல 'கிளிக்'னு ஒரு பள்ளத்துல உக்காந்துச்சுன்னா ரேஸ்ல குழி விழுந்தாச்சு. அதை டைட் பண்ணியும் சரி பண்ண முடியாது, லூஸ் பண்ணியும் முடியாது. மேல கீழ முழு செட்டையும் மாத்தணும். வாட்டர் சர்வீஸ்ல அந்த இடத்துல பிரஷர் தண்ணி அடிக்கறவரையும் கொஞ்சம் கவனிங்க, கிரீஸ் போறது அங்கதான்.

மெக்கானிக்கை மட்டும் திட்டறதுல நியாயம் இல்லை. பத்து நிமிஷ வேலைக்கு நாம குடுக்கறது ரெண்டு நிமிஷக் காசு. கூடக் குடுங்க. குடுத்துட்டு, "முன் சக்கரத்தைத் தூக்கிக் காட்டுங்கண்ணே"ன்னு கேளுங்க.

டிஸ்கி: இது உதிரி பால்ரஸ் வண்டிகளுக்கு எழுதினது. டேப்பர் ரோலர் மாத்தினவங்க வண்டிக்கு இதை விட ஒரு சின்ன அழுத்தம் கூட வேணும், மேனுவல்ல இருக்கற அளவு அவங்களுக்குப் பொருந்தாது. ஆனா அதுலயும் ஹேண்டில் தானா விழணும்.