ஆதாரம் சேர்ப்பது யார் பொறுப்பு?

பிள்ளைகளுக்கான பாலின அடையாளச் சிகிச்சை பற்றி பிரிட்டனின் குழந்தை மருத்துவர் ஹிலாரி காஸ் 2024 ஏப்ரலில் அளித்த அறிக்கையை இரு தரப்பும் தத்தமக்கு வேண்டியபடி வாசித்துக்கொண்டன. தங்கள் உடலின் பாலினத்தோடு மனம் ஒட்டாமல் தவிக்கும் பிள்ளைகளுக்குப் பூப்பைத் தள்ளிப்போடும் மருந்து கூடவே கூடாது என்போர் அதை வெற்றிப் பத்திரமாக்கினர். திருநர் உரிமைக்குப் போராடுவோர் பலர் அதைப் பகையாகவே பார்த்தனர். ஆதாரமே சரியாகச் சேர்க்கப்படவில்லை என்ற, அறிக்கையின் மிகக் கனமான குற்றச்சாட்டு இந்தச் சண்டையில் அமுங்கிப்போனது.

லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தில் இத்தகைய பிள்ளைகளுக்காக இருந்த சிகிச்சைப் பிரிவுக்கு 2011-12இல் அனுப்பப்பட்ட பிள்ளைகள் 250க்கும் குறைவு. 2021-22இல் 5,000க்கும் அதிகம். இந்த மருந்து பற்றிய 50 ஆய்வுகளை யார்க் பல்கலைக்கழகம் அலசியதில், உயர்ந்த தரமுடையது ஒன்றே ஒன்று. தவிப்பு தணிகிறதா, எலும்பின் வலு என்னாகிறது என்பவற்றுக்கு உறுதியான விடை கிடைக்கவில்லை. சரி, அந்தப் பிரிவுக்கு வந்துபோன சுமார் 9,000 பேர் வளர்ந்தபின் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க முயன்றபோது, வயதுவந்தோருக்கான ஏழு மருத்துவப் பிரிவுகளில் ஆறு ஒத்துழைக்க மறுத்தன. அந்த 9,000 பேரில் நலமடைந்தவர்கள் இருப்பார்கள். பின்னால் வருந்தி வழக்குத் தொடுத்தவரும் உண்டு. வாழ்க்கையையே திருப்பிவிடும் சிகிச்சையைத் தொடங்கிவைத்துவிட்டு, அதன் பலனைப் பின்தொடராமல் விட்டது மன்னிக்க முடியாத அலட்சியம்.

ஆனால், அந்த அலட்சியத்துக்கான தண்டனை பிள்ளைகள் தலையில் விழுவது எந்த வகையில் நியாயம்? மருந்தை முறையான ஆய்வுக்குள் வைத்துக் கொடுக்கவே காஸ் பரிந்துரைத்தார். அமெரிக்காவின் டென்னஸி மாநிலமோ 2023இல் சட்டம் போட்டு 18 வயதுக்கு உட்பட்டோருக்கு இச்சிகிச்சையை அடியோடு தடுத்தது. அதே சட்டப்படி, எட்டு வயதுக்கு முன்பே பூப்பெய்தும் சிறுமிக்கு அதே மருந்தைக் கொடுக்கலாம்! 2025 ஜூனில் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது. சட்டப்படி செல்லுபடியாவதாலேயே அது நல்ல மருத்துவம் ஆகிவிடாது. மருத்துவர் கொடுக்கவே முடியாத இடத்தில் ஆதாரம் எங்கிருந்து பிறக்கும்?

சிகிச்சை தராமல் இருப்பதாலும் விளைவுகள் உண்டு. காத்திருக்கும் காலத்தில் குரல் உடைகிறது, மார்பு வளர்கிறது. பிரிட்டனில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் முதல் சந்திப்புக்கே ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடக்கிறார்கள். அவர்களில் பலருக்கு மனச்சோர்வு, பதற்றம், ஆட்டிசம் ஆகியவையும் உண்டு. மருந்து வேண்டுமா வேண்டாமா என்ற முடிவுக்கு முன்பே, உட்கார்ந்து முழுதாகக் கேட்கும் ஒரு மருத்துவர் அவர்களுக்குத் தேவை.

ஆகவே, இந்தப் பிள்ளைகளுக்குப் பூப்பைத் தள்ளிப்போடும் மருந்து தர 2024 டிசம்பரில் காலவரையற்ற தடை விதித்த பிரிட்டிஷ் அரசு, தடையோடு தன் கடமை முடிந்ததாக இருந்துவிடக் கூடாது. காஸ் பரிந்துரைத்த மருந்துச் சோதனையைப் பாதுகாப்போடும் வெளிப்படையாகவும் நடத்தி முடிக்க வேண்டும். பழைய நோயாளிகளின் விவரங்களை அவர்களுடைய அந்தரங்கம் காத்துத் திரட்ட வேண்டும். காத்திருப்போர் பட்டியலைக் குறைக்கப் பணமும் மருத்துவர்களும் ஒதுக்க வேண்டும். அமெரிக்க மாநிலங்களின் சட்டமன்றங்கள், மருத்துவரும் பெற்றோரும் பிள்ளையும் பேசி முடிவெடுக்க வேண்டிய அறையிலிருந்து வெளியேற வேண்டும்.