கம்பி வேலி: இணைப்பில் கவனம் தேவை

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் கருங்கல் தூண் நட்டு முள்கம்பி இழுத்த வேலியை எங்கும் காணலாம். கல்லுக்குப் பஞ்சமில்லாத சீமை இது. பாறையிலிருந்து பிளந்தெடுத்த கல்கால் ஒரு தலைமுறைக்கு அசையாது. கம்பியையும் பெரும்பாலோர் நல்லதாகவே பார்த்து வாங்குகிறார்கள். இவ்வளவு செய்த பிறகும் மாடு வெளியே போய்விட்டது, ஆடு உள்ளே வந்துவிட்டது என்ற புகார் குறைவதில்லை. வேலியோரமாக ஒரு நடை நடந்து, கம்பி தொய்ந்தும் அறுந்தும் கிடக்கும் இடங்களைக் கவனித்தால் காரணம் விளங்கிவிடும். அவை பெரும்பாலும் இரண்டு கம்பிகளைச் சேர்த்த இடங்களாகவே இருக்கும்.

புதுக் கம்பி நடுவில் அறுவது அரிது. ஒரு சுருள் முடிந்து அடுத்த சுருள் தொடங்கும் இடத்திலும், முன்பு அறுந்ததை ஒட்டுப்போட்ட இடத்திலுமே வேலி விட்டுக்கொடுக்கிறது. இரு முனைகளையும் கொக்கி போல மடக்கி, ஒன்றில் ஒன்றை மாட்டி, கையாலேயே இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. மாடு கழுத்தை நீட்டிச் சாயும் ஒவ்வொரு முறையும் அந்தக் கொக்கி சிறிது நிமிர்கிறது. வேறு சிலர் இரு கம்பிகளையும் கயிறு திரிப்பதுபோல ஒன்றோடொன்று முறுக்கிவிடுகிறார்கள். பார்வைக்கு இது உறுதியாகத் தோன்றும். இழுவை ஏறியதும் முறுக்கு பிரிந்து நழுவும்.

இதைச் சிறு குறை என்று ஒதுக்குவதற்கில்லை. இவ்வட்டாரத்தில் ஒருவரது ராகிக் கொல்லைக்கு அடுத்து இன்னொருவரது ரோஜாத் தோட்டம், அதற்கடுத்து மல்பெரி, முட்டைகோஸ் என்று நிலங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. மல்பெரித் தழையைக் கண்ட ஆடு வேறு எதையும் திரும்பிப் பார்க்காது. பட்டுப்புழுவுக்கு வைத்திருந்த தழை போனால் அண்டை வீட்டாரோடு பேச்சுவார்த்தையும் போய்விடும். பூச்சிமருந்து தெளித்த கோஸ் தோட்டத்தில் புகுந்த மாட்டின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. மழையின்றி வாடி நிற்கும் இளஞ்சோளத்தை மேய்ந்த பசு, அதில் உண்டாகும் சயனைடு நஞ்சினால், கால்நடை மருத்துவர் வந்து சேர்வதற்குள் விழுந்துவிடக்கூடும். மரவள்ளித் தழையிலும் அதே நஞ்சு உண்டு. சேலம் – பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய நிலங்களிலோ ஆபத்து மாட்டோடு நிற்பதில்லை. விடியற்காலையில் இருசக்கர வண்டியில் தொழிற்சாலைக்குப் போகிறவரின் உயிரும் அந்த அறுந்த கம்பியில் தொங்குகிறது.

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு இங்கே பண்ணை வேலைக்கு ஆள் கிடைப்பது அருகிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு கம்பி அறுந்தால் வேலி போட்ட ஒப்பந்தக்காரருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அவர் வரும்வரை இடைவெளியில் முள்ளை வெட்டிப்போட்டு அடைக்கிறார்கள். ஒரு கம்பிக்காக அவர் வருவதில்லை. முள் காய்ந்து நொறுங்கும்போது மாடு வழி கண்டுபிடித்துவிடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், நாள் முழுவதும் ஸ்பானரும் பிளேயரும் பிடித்து வேலை செய்யும் பிள்ளை உள்ள வீட்டிலும் வேலி சணல் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. கம்பியை இணைப்பது ஒப்பந்தக்காரரின் வித்தை அல்ல. பால் கறப்பதைப்போல, கலப்பை பூட்டுவதைப்போல, ஒவ்வொரு குடியானவர் வீட்டிலும் இருக்க வேண்டிய கைத்தொழில் அது.

தேவைப்படும் கருவிகளும் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு கட்டிங் பிளேயர், ஒரு கடப்பாரை, தோல் கையுறை அல்லது இரட்டையாக மடித்த சாக்கு. இவற்றோடு, ஓசூரில் எந்த லேத் பட்டறையிலும் சொல்லிச் செய்துகொள்ளக்கூடிய சிறு கருவி ஒன்று இருந்தால் வேலை பாதியாகும். ஒரு சாண் நீளமுள்ள பட்டை இரும்பின் நுனியில், வேலிக்கம்பியின் மேல் உட்காரும்படி ஒரு வெட்டு. அதையொட்டிக் கம்பியின் வால் நுழையும் அளவுக்கு ஒரு துளை. வாலைத் துளையில் நுழைத்து, வெட்டைக் கம்பியின் மேல் பதித்து, பட்டையைச் சுற்றினால் பிளேயரில் வராத இறுக்கம் இதில் வரும்.

முதலில் இணைக்க வேண்டிய இடத்துக்கு இருபுறமும் இரண்டிரண்டு தூண்களில் உள்ள கட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும். இறுகி நிற்கும் கம்பியை அப்படியே வெட்டினால் அது பாம்புபோலச் சுருண்டு முகத்துக்கு வரும். வெட்டுகிறவர் தூணுக்கு மறுபக்கம் நிற்பது நல்லது. முள் கிழித்தால் தாமதிக்காமல் காயத்தைக் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டித் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.

சாதாரணக் கம்பிக்கு மிகவும் பொருத்தமானது தந்திக் கம்பிக்காரர்கள் கையாண்ட இணைப்பு. இரு முனைகளையும் ஆளுக்கு ஒரு சாண் மேவும்படி பக்கத்தில் பக்கமாக வைத்து, நடுவில் ஒரு பிளேயரால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு முனையின் வாலை மற்றக் கம்பியின் மேல் சுற்றுக்குச் சுற்று ஒட்டியிருக்கும்படி ஆறு முதல் எட்டுச் சுற்றுவரை சுற்ற வேண்டும். பிறகு மறுமுனை வாலை எதிர்ப்பக்கமாக அதேபோல் சுற்ற வேண்டும். சுற்றும் வால் கம்பிக்குக் குறுக்காக, செங்கோணத்தில் போக வேண்டும். சாய்ந்து போனால் அது மீண்டும் கயிறு திரித்த கதைதான். சுற்றப்படும் கம்பி நேராக இருக்க வேண்டும், வால் மட்டுமே வளைய வேண்டும். இந்த இணைப்பில் இழுக்க இழுக்கச் சுற்றுகள் இறுகுமே தவிரத் தளராது. இந்தியாவில் தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்த இணைப்புக்கு இன்னும் ஓய்வு வரவில்லை.

முள்கம்பி என்பது இரட்டைப் புரி. 1874-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநில விவசாயி ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்ற அமைப்பு இன்றும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது: இரண்டு கம்பிகளின் முறுக்கிலேயே முள் பிடித்து நிற்கிறது. ஆகவே இணைக்கும்போது முனையில் ஒரு முழத்துக்கு உள்ள முட்களைப் பிளேயரால் கழற்றிவிட வேண்டும். ஒரு முனையைச் சிறு வளையமாக மடித்து, அதன் இரு புரிகளையும் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தாய்க்கம்பியின் மேல் ஐந்தாறு சுற்று சுற்ற வேண்டும். மறுமுனையை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்து, மடித்து, அதேபோல் முடிக்க வேண்டும். இரண்டு புரியையும் சேர்த்து ஒரே கட்டையாகச் சுற்ற முயன்றால் கையும் நோகும், சுற்றும் இறுகாது.

அறுந்த கம்பியின் இரு முனைகளும் ஒன்றையொன்று எட்டுவதில்லை. எட்டவைக்க ஆளைக் கூட்டி இழுப்பது வீண். நடுவில் ஒரு துண்டுக் கம்பியைச் சேர்த்து இரண்டு இணைப்பாகப் போடுவதே முறை. கடைசி இணைப்புக்கு முன் கடப்பாரையைத் தூணில் ஊன்றி நெம்புகோலாக இழுத்துக்கொள்ளலாம். ஆனால் இழுப்பதிலும் அளவு உண்டு. 300 அடி நீளக் கம்பி, வெயில் 20 டிகிரி சென்டிகிரேடு குறைந்தால் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும். சித்திரை வெயிலில் வீணைத் தந்திபோல இழுத்துக் கட்டிய கம்பி, மார்கழிக் குளிரில் தன் வலுக்குறைந்த இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அந்த இடம் எது என்பது முன்பே சொல்லப்பட்டது.

துண்டுக் கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பியின் கேஜ் எண் கூடக்கூடத் தடிமன் குறைகிறது. 12 கேஜ் 2.64 மில்லிமீட்டர், 14 கேஜ் 2.03 மில்லிமீட்டர். பார்வைக்கு வித்தியாசம் சிறிது. ஆனால் ஒரே எஃகில் செய்த 14 கேஜ் கம்பியின் பலம் 12 கேஜில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். தொழிற்பேட்டையை ஒட்டிய பழைய இரும்புக் கடைகளில் எடைக்கு எடை கிடைக்கும் கம்பி மலிவுதான். அதில் துத்தநாகப் பூச்சு இருப்பது நிச்சயமில்லை. மிகவும் கெட்டியான கம்பியாகவும் இருக்கலாம். வளைத்து விட்டதும் துள்ளி நேராகும் கம்பியைக் கூர்மையாக மடிக்கக்கூடாது, பிளேயரின் பல்லால் காயப்படுத்தவும் கூடாது. அந்த இடத்திலேயே ஒடிந்துவிடும். அத்தகைய கம்பியே வேலியில் இருக்குமானால், முனைகளை மேவவைத்து இரண்டு கிளாம்புகளைப் போட்டு முடுக்குவது மேல். கட்டடவேலைக்கு வரும் கறுப்புக் கட்டுக்கம்பியை வேலி இணைப்புக்குத் தொடவே வேண்டாம். ஓர் மழைக்காலத்தில் அது துருவாகிவிடும்.

இப்போது ஆட்டுப் பட்டிகளுக்குச் சங்கிலிப் பின்னல் வலை வாங்குவோர் பலர். இரண்டு சுருள் வலைகளை அடிக்கு ஒரு கட்டு வீதம் கட்டுக்கம்பியால் பிணைத்துவிடுகிறார்கள். கிடா முட்டி முட்டி அந்தக் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடும். உண்மையில் இந்த வலையை இணைப்பதற்குத் தனிக் கம்பியே தேவையில்லை. வலை முழுவதும் வளைந்து வளைந்து செல்லும் தனித்தனிக் கம்பிகளால் பின்னப்பட்டது. ஒரு சுருளின் கடைசிக் கம்பியில் மேலும் கீழும் உள்ள மடிப்புகளைப் பிளேயரால் நிமிர்த்தி, திருகாணியைக் கழற்றுவதுபோலச் சுற்றினால் அது தனியே வெளியே வந்துவிடும். இரண்டு சுருள்களின் ஓரங்களையும் நெருக்கி வைத்து, அதே கம்பியை மேலிருந்து திருகிக்கொண்டே இரண்டின் கண்களிலும் மாறி மாறிக் கோத்து இறக்கி, முனைகளை மீண்டும் மடித்துவிட்டால் போதும். எங்கே இணைத்தது என்று மறுநாள் தேடினாலும் தெரியாது.

எந்த இணைப்பானாலும் வேலை முடிந்ததும் தரையைப் பார்க்க வேண்டும். வெட்டியெறிந்த கம்பித் துண்டுகளும் கழற்றிய முட்களும் புல்லில் கிடக்கும். ஆடு உதட்டால் பொறுக்கி மேயும் பிராணி. மாடு நாக்கால் வளைத்து இழுத்து, முழுக்க மெல்லாமல் விழுங்குவது. புல்லறுக்கும்போது கட்டோடு வந்த துண்டும் தட்டைவெட்டியில் நறுங்கித் தொட்டிக்குப் போய்ச் சேரும். விழுங்கிய கம்பி, தேன்கூடு போன்ற இரண்டாம் வயிற்றில் தங்குகிறது. அதற்கும் இதயத்துக்கும் நடுவே உதரவிதானமும் சில அங்குல இடைவெளியும் மட்டுமே உண்டு. வயிறு சுருங்கி விரியும்போது கம்பி முன்னோக்கிக் குத்திக்கொண்டு போகிறது. சினை மாட்டில் கருப்பை தள்ளும்போது இந்த ஆபத்து இன்னும் அதிகம். தீனி குறையும், பால் திடீரென்று இறங்கும், மாடு முழங்கையை அகற்றி நிற்கும், சரிவில் இறங்கத் தயங்கும். அலைதாடியில் நீர் கோத்த பிறகு காப்பாற்றுவது மிகவும் கடினம். வேலி பயிரை மேய்வது பழமொழி. இங்கே மாடு வேலியை மேய்கிறது. துண்டுகளைப் போட ஒரு தகரடப்பா இடுப்பில் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

வேலி நிற்கவில்லை என்று சலித்துப்போனவர்களில் சிலர் வேறொரு வழிக்குப் போகிறார்கள்: கம்பியில் வீட்டு மின்சாரத்தைக் கொடுத்துவிடுவது. 2023-ஆம் ஆண்டு மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டதும், இரண்டு குட்டிகள் தாயின்றி நின்றதும் இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அதே கம்பியில் இரவில் வாய்க்கால் திருப்பப்போன சொந்த வீட்டு ஆளும் சிக்கலாம். மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 2023-இல் தமிழக அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. சோலார் பெட்டியிலிருந்து விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் வேலி வேறு, வீட்டு மின்சாரம் பாயும் வேலி வேறு. முந்தியதிலும் முள்கம்பிக்கு மின்சாரம் கொடுக்கக்கூடாது. அதிலும் இணைப்பு தளர்ந்திருந்தால் அதிர்ச்சி கடைசித் தூண் வரை போய்ச் சேராது. பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஜவளகிரிக் காட்டிலிருந்து இறங்கும் யானையை முள்கம்பி எந்த இணைப்பு போட்டாலும் தடுக்காது என்பதையும் மறைப்பதற்கில்லை. கம்பி வேலியின் வேலை ஆடுமாட்டோடு முடிகிறது.

பயிற்சி முகாம்களில் விதைநேர்த்தியும் தடுப்பூசியும் பேசப்படும் அளவுக்கு இந்தக் கைவேலை பேசப்படுவதில்லை. இது விரிவாக்கப் பணியாளர்களின் குறைதான். வயல்விழாவில் இரண்டு கல்கால் நட்டு, அரைமணி நேரம் செய்துகாட்டினால் போதும். பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மத்திகிரி கால்நடைப் பண்ணை வரை இதற்கு இடத்துக்குக் குறைவில்லை. ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கங்கள் எடைக்கல்லோடு எடைக்கல்லாக ஒரு செட் பிளேயரும் அந்தப் பட்டை இரும்பும் வைத்துக்கொண்டு, உறுப்பினர்களுக்கு ஒரு நாளைக்கு இரவல் கொடுக்கலாம். திரும்பி வராது என்று அஞ்சுவோர் பால் பணத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

சதுரமான ஓர் ஏக்கரின் சுற்றளவு 835 அடி. ஆனி மாதம், ராகி விதைப்புக்கு முன் அதைச் சுற்றி ஒரு நடை போவதற்கு அரை நாள் ஆகும். கையில் பிளேயரும், தோளில் 12 கேஜ் கம்பி ஒரு வளையமும், இடுப்பில் அந்தத் தகரடப்பாவும் இருந்தால் சரி.