நழுவும் ஒலியும் நழுவாத பண்டிதமும்

தேவகோட்டைப் பேருந்து நிலையத்தில் நின்று செவிகொடுத்துக் கேளுங்கள், தோழர்களே! காரைக்குடிக்குச் செல்வோர் "காரக்குடி" என்பர். சிவகங்கைக்குச் செல்வோர் "சிவகங்க" என்பர். தேவகோட்டையின் ஈற்றெழுத்தோ அவ்வூரார் நாவில் அகரத்துக்கும் எகரத்துக்கும் இடையே குறுகி ஒலிக்கும். மூன்று பெயரிலும் ஐகாரம் ஏட்டில் உண்டு, பேச்சில் இல்லை. வட்டித் தொழிலால் வளர்ந்த வளமனையிலும் இல்லை, வயலோரக் குடிசையிலும் இல்லை.

ஐகாரம் என்பதுதான் என்ன? அகரத்தில் தொடங்கிய நா இகரம் நோக்கி நழுவும் கூட்டொலி. ஔகாரம் உதடு குவிய உகரம் நோக்கி நழுவுவது. இதைக் கண்டுரைத்தவர் நாமல்லர், தொல்காப்பியர்! அகரத்தின் பின் யகர ஒற்று நின்றாலும் ஐகாரம் தோன்றும் என்பதும் அவர் கூற்றே. சொல்லினுள் ஐகாரம் மாத்திரை குறையும் என்பதைப் பவணந்தியார் 13-ஆம் நூற்றாண்டில் நன்னூலில் எழுதி வைத்தார். ஐகாரக் குறுக்கம் என்பது அதன் பெயர்.

இலக்கணமே ஒப்பிய குறுக்கத்தை, "தல வலிக்குது" என்று கூலிக்காரர் மகன் வகுப்பில் சொன்னால் கொச்சை என்கின்றனர்! பண்டிதர் தம் வீட்டுத் திண்ணையில் சொன்னால் மட்டும் உலக வழக்கோ? மலையாளத்தில் தல, மல என்பன ஏடேறிய நடை. கன்னடத்தில் தலெ, மனெ. மேற்கு மலைக்கு அப்பால் இலக்கியம், இப்பால் இழிவழக்கா? இழிவு ஒலியில் இல்லை. ஒலித்தவன் எந்தத் தெருவிலிருந்து வந்தான் என்று பார்க்கும் கண்ணில் இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு அஞ்சி வாய்மூடிய சிறுவன், பிறகு பாடத்தையும் மூடிவிடுகிறான். நமக்கு அதுவே கவலை.

1935-இல் பெரியார் 'குடி அரசு' ஏட்டில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். ஐ, ஔ வேண்டா, அய், அவ் போதும் என்றார். உயிர் 2, உயிர்மெய் 36, ஆக 247-இல் 38 குறையும். தமிழ் அழிந்ததென்று ஓலமிட்டனர்! 1978-இல் தமிழ்நாடு அரசு ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் புதுவடிவை ஏற்றது. அழிந்ததா தமிழ்? பழமை பேசுவோரும் இன்று அந்த 'லை'யைக் கொண்டுதான் அச்சிடுகின்றனர். அய், அவ் மட்டும் அரசு ஏற்பில் இடம்பெறவில்லை. 'வௌவால்' என்பதைக் குழந்தை 'வெளவால்' என்று வாசித்தால் பிழை குழந்தையுடையதா, ளகரத்தை வேடமிட்டு நிறுத்தியவருடையதா?

ஆயினும் தேவகோட்டையைத் 'தேவகோட்டய்' என்றெழுத நாம் வற்புறுத்தோம். நழுவாத இடத்தில் நழுவலை எழுதுவது எதற்கு? சொல்லின் முதலில்தான் அவ்வொலி இன்னும் உயிரோடிருக்கிறது. அங்கே 'அய்யா' என்றெழுதினால் ஒலிக்கும் குறைவில்லை, மரியாதைக்கும் குறைவில்லை!

ஆசிரியத் தோழர்களுக்கு ஒன்று. தேர்வுத் தாளில் 'தல' என்றிருந்தால் 'தலை' எனத் திருத்துங்கள்; அது எழுத்தின் ஒழுங்கு. வாயைத் திருத்த வேண்டா. ஐகாரக் குறுக்கம் நடத்தும் நாளில் எடுத்துக்காட்டுத் தேடி நூலைப் புரட்டவும் வேண்டா. கடைசி வரிசைச் சிறுவனை எழுப்பி, அவன் ஊர்ப் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.