மட்டை எழுத்துக்களும் பிள்ளையின் ஆங்கிலமும்



பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நாம் கூடிக் கதைக்கும்போதெல்லாம் ஒரு விடயம் தவறாமல் வந்து சேரும். அதுதான் ஆங்கிலம். தமிழ், சமயம், கணக்கு என்றால் எப்படியோ பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிடும் தாய்மார், ஆங்கிலக் கொப்பியைக் கண்டதும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். இதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல. இடப்பெயர்வுகளினால் ஐந்தாம் வகுப்போடும் எட்டாம் வகுப்போடும் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் எம்மில் பலர். குழுக் கூட்டமொன்றில் ஒரு சகோதரி சொன்னார்: "மகள் இங்கிலிஷ் புத்தகத்தை விரிச்சா நான் எழும்பிக் குசினிக்குள்ள போயிடுவன். அவள் ஏதும் கேட்டு எனக்குத் தெரியாட்டி என்னைப் பற்றி என்ன நினைப்பாள்?"

குடும்பங்களோடு வேலை செய்பவள் என்ற முறையில் எனக்கு இது சிறிய விடயமாகப் படவில்லை. தாய் எழுந்து போகும் இடத்தில் பிள்ளை தனித்துப் போகிறது. "அம்மாவுக்கு இது தெரியாது" என்ற எண்ணம், நாள் செல்லச் செல்ல "அம்மாவிடம் எதையும் கேட்டுப் பயனில்லை" என்று மாறக்கூடும். தந்தையை இழந்த வீடுகளில் பிள்ளை மனம் விட்டுக் கேட்பதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஆகவே ஆங்கிலம் தெரியாவிட்டாலும் தாய் அந்த மேசையை விட்டு எழும்பாமல் இருக்க வேண்டும். அதற்கு உதவும் ஒரு விளையாட்டைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறேன்.

கொடுத்த சில எழுத்துக்களைக் கொண்டு எத்தனை ஆங்கிலச் சொற்களை ஆக்கலாம் என்று தேடுவதே அந்த விளையாட்டு. உலகெங்கும் விளையாடப்படும் 'ஸ்கிரபிள்' இந்த வகையைச் சேர்ந்தது. இதை உருவாக்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த அல்பிரட் பட்ஸ் என்பவர். கட்டடக் கலைஞரான அவர் 1930களின் பொருளாதார நெருக்கடியில் வேலை இழந்திருந்த காலத்தில்தான் இதில் இறங்கினார். பத்திரிகைகளை எடுத்து வைத்து, எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். அந்தக் கணக்கின்படியே எழுத்துச் சில்லுகளைப் பங்கிட்டார். விளையாட்டுப் பொருள் கம்பனிகள் முதலில் அதை ஏற்கவில்லை. 1948இல்தான் 'ஸ்கிரபிள்' என்ற பெயரோடு அது வெளிவந்தது.

கடையில் பெட்டி வாங்கப் பணம் வேண்டும். எமக்குப் பழைய கலண்டர் மட்டையும் கத்தரிக்கோலும் பேனையும் போதும். ஓர் அங்குலச் சதுரங்களாக 98 துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். அவற்றில் ஈ என்ற எழுத்தை 12 துண்டுகளில் எழுதுங்கள். ஏ, ஐ இரண்டும் ஒன்பது ஒன்பது, ஓ எட்டு, என், ஆர், ரி ஆறு ஆறு, டி, எல், எஸ், யூ நான்கு நான்கு, ஜி மூன்று. கே, ஜே, எக்ஸ், கியூ, இசட் ஒவ்வொன்று போதும். ஏனைய எழுத்துக்கள் இரண்டிரண்டு. எழுத்துக்களின் பெயர் மறந்திருந்தால் பிள்ளையிடமே கேளுங்கள். பிள்ளை ஆசிரியராக மாறுவதில் அதற்கு எவ்வளவு சந்தோஷம் என்பதைப் பார்ப்பீர்கள்.

இனி எப்படித் தேடுவது? முதலில் சின்னச் சொற்கள். ஏ, ரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முன்னால் சி வைத்தால் பூனை. ஆர் வைத்தால் எலி. எச் வைத்தால் தொப்பி. எம் வைத்தால் பாய். முன்னெழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் நான்கு சொற்கள் கிடைத்துவிட்டன.

அடுத்து, எழுத்துக்களின் இடத்தை மாற்றிப் பார்த்தல். ரி, ஈ, ஏ என்று வைத்தால் தேநீர். ஈ, ஏ, ரி என்றால் சாப்பிடு. ஏ, ரி, ஈ என்றால் சாப்பிட்டேன். மூன்று எழுத்துக்களை ஆறு விதமாக அடுக்கலாம். நான்கு எழுத்தாகும்போது அது 24 விதமாகிவிடும். எஸ், ரி, ஓ, பி என்ற நான்கிலிருந்து நில், புள்ளி, தபால், பானைகள், பம்பரங்கள், தெரிவுசெய் என ஆறு பொருளில் ஆறு சொற்கள் வரும். கடைசி எழுத்தான பி, பேனைக்கு முதலெழுத்தாக வரும் பி. கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைக்கு விடுங்கள்.

எழுத்துக்கள் கூடும்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஆகிய ஐந்து உயிரெழுத்துக்களையும் தனியே பிரித்து வையுங்கள். ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாவது இல்லாமல் வராது. இரண்டாவது, சோடியாகத் திரியும் எழுத்துக்களைச் சேர்த்து வையுங்கள். எஸ்சும் எச்சும், சியும் எச்சும், ரியும் எச்சும் அப்படிப்பட்டவை. கியூவுக்குப் பின்னால் அநேகமாக யூ வரும். மூன்றாவது, சொல்லின் வாலைப் பாருங்கள். ஐ, என், ஜி இருந்தால் அவற்றைக் கடைசியில் வைத்து மிகுதியைத் தேடலாம். ஈயும் டியும், ஈயும் ஆரும், தனி எஸ்சும் அதேபோல வாலாக வரும். இதையெல்லாம் செய்வதற்கு ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டியதில்லை. பொறுமையும் கண்ணும் போதும்.

இதற்கு ஓர் உண்மைச் சம்பவம் சாட்சி. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் என்பவர் 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிரபிள் உலகப் போட்டியில் முதலிடம் பெற்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்பட்டியலைச் சில வாரங்கள் மனனம் செய்துவிட்டே போயிருந்தார். ஆனால் எமது பிள்ளைகளுக்கு அது மட்டும் போதாது. பொருள் தெரியாத சொல் பரீட்சைக்கும் உதவாது, பின்னர் விண்ணப்பப் படிவத்தை நிரப்பவும் உதவாது. எனவே ஒரு சட்டம் வையுங்கள். கண்டுபிடித்த சொல்லை அகராதியில் பார்த்து, தமிழ்ப் பொருளோடு கொப்பியில் எழுதினால்தான் புள்ளி. வீட்டில் அகராதி இல்லாவிட்டால் பட்டியலை எழுதி வைத்து, நூலகத்துக்குப் போகும் நாளில் பார்க்கலாம். கைத்தொலைபேசியிலும் பார்க்கலாம்.

பிள்ளை ஒரு சொல்லைக் காட்டி "இது சரியா அம்மா?" என்று கேட்டால், "எனக்கும் தெரியாது, வா, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரியாததைத் தேடித் தெரிந்துகொள்ளலாம் என்பதைப் பிள்ளை உங்களிடமிருந்தே கற்றுக்கொள்ளும். அரை மணி நேரம் போதும். தோற்றால் ஏசாதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

இம்மாதத்துக்கு ஐந்து எழுத்துக்கள் தருகிறேன்: எச், ஈ, ஏ, ஆர், ரி. ஐந்தையும் சேர்த்தால் இதயமும் வரும், பூமியும் வரும். இரண்டு, மூன்று, நான்கு எழுத்துக்களில் இன்னும் பல சொற்கள் இருக்கின்றன. பத்துச் சொற்களாவது தேடி எடுங்கள். அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். யாருடைய பட்டியல் நீளம் என்று எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.