மோட்டார் சைக்கிள்: பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

எங்கள் சின்னவன் மோட்டார் சைக்கிள் வாங்கி ஏழு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. டார்னீட்டில் இருக்கும் சிநேகிதன் வீட்டுக் கராஜில் ஒளித்து வைத்திருந்திருக்கிறான். வெரிபீயிலிருந்து காரில் புறப்படுவான். அங்கே காரை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் போவான். ஒரு நாள் மழை ஈரத்தில் வட்டச்சந்தியில் வழுக்கி விழுந்து, முழங்காலிலும் உள்ளங்கையிலும் தோல் உரிந்து வந்து நின்றபோது கதை வெளியே வந்தது. அன்று அவன் போட்டிருந்தது சாதாரண ஜீன்ஸ். கையில் ஒன்றும் இல்லை.

ஏனடா கையுறை போடவில்லை என்று கேட்டோம். "ஜக்கற்றும் கையுறையும் வாங்கினால் நீங்கள் கண்டுபிடிச்சிடுவீங்கள் அம்மா" என்றான்.

அன்று இரவு எங்கள் இருவருக்கும் நித்திரை வரவில்லை. வேண்டாம் என்று நாங்கள் போட்ட சட்டம் அவனை மோட்டார் சைக்கிள் ஓட்டாமல் தடுக்கவில்லை. கையுறை போடாமல்தான் தடுத்திருக்கிறது. இந்தச் சங்கத்தில் எத்தனை வீடுகளில் இதே கதை ஓடிக்கொண்டிருக்கிறதோ தெரியாது என்பதால், வெட்கத்தை விட்டு எழுதுகிறோம். நாங்கள் வைத்தியர்கள் அல்லர். பெற்றோராகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் எங்கள் அபிப்பிராயத்தையும் சொல்கிறோம்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுவோம். அவுஸ்திரேலியாவில் பதிவான வாகனங்களில் இருபதில் ஒன்றுகூட மோட்டார் சைக்கிள் இல்லை. ஆனால் அண்மைய ஆண்டுகளில் வீதி விபத்துகளில் இறந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அதில் சென்றவர். பயப்படும் தாய் தகப்பன் மூடர்கள் அல்லர். ஆனால் பிள்ளைக்குப் பதினெட்டு வயதானால் விக்டோரியாவில் பழகுநர் அனுமதிப்பத்திரம் எடுக்க எங்கள் கையெழுத்துத் தேவையில்லை. அதையும் நாங்கள் மறந்துவிடக் கூடாது.

எங்கள் பயத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. யாழ்ப்பாணத்தில் எம்.டி. 90 ஹொண்டாவில் முன்னுக்குப் பிள்ளை, பின்னுக்கு மனைவி, ஹாண்டிலில் சந்தைப் பை என்று போய்வந்தவர்கள்தானே நாங்கள்? தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவுகளைக் கேட்டால் அவர்களுக்கும் இதே கதை உண்டு. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு "இது எனக்குத் தெரியாததா" என்று ஐம்பது வயதில் இங்கே பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கும் அப்பாமாரைப் பற்றித்தான், உண்மையைச் சொன்னால், பிள்ளைகளைவிட எங்களுக்கு அதிகம் கவலை. முன் பிரேக்கைப் பிடித்தால் கவிழ்ந்துவிடும் என்று பயந்து, பின் பிரேக்கையே மிதித்துப் பழகிய கால் எங்களுடையது. நிற்கும் பலத்தில் பெரும்பகுதி முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. அதைப் படிப்படியாக இறுக்கிப் பிடிக்கப் பழக வேண்டும். 2021 நவம்பர் முதல் இங்கே விற்கும் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வீதி மோட்டார் சைக்கிள்கள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். இருக்க வேண்டும். பழையதை மலிவாக வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

இங்கே பழகும் முறை நல்ல முறை என்பதே எங்கள் எண்ணம். இரண்டு நாள் பயிற்சியும் சோதனையும் முடித்தால்தான் பழகுநர் அனுமதி. பிறகு பயிற்றுநர் கூடவர வீதியில் ஒரு ஓட்டம். குறைந்தது மூன்று மாதம் கழித்து அனுமதிப்பத்திரச் சோதனை. பழகுநர் பின்னால் ஆள் ஏற்றக் கூடாது, ஒரு துளி மதுவும் கூடாது, பளிச்சென்ற மேலங்கி அணிய வேண்டும். 660 சிசிக்கு மேற்பட்டதும், எடைக்கு மிஞ்சிய வலு உள்ளதும் அவருக்கு இல்லை. கட்டாயப் பயிற்சியோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு வகுப்புக்குக் காசு கொடுங்கள். பிறந்தநாள் பரிசாக ஐபோன் வாங்கிக் கொடுக்கும் காசுதான்.

தலைக்கவசத்தைப் பற்றி ஒரு சிறு சரித்திரம். 1935இல் இங்கிலாந்தில் 'அரேபியாவின் லோரன்ஸ்' என்று பேர்பெற்றவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஆறாம் நாள் இறந்தார். அவரைப் பார்த்த மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர்களில் ஒருவர் ஹியூ கெயின்ஸ், தென் அவுஸ்திரேலியாவின் போர்ட் பிரீயில் பிறந்தவர். அந்த மரணம் அவர் மனதை விட்டுப் போகவில்லை. இராணுவத் தபால் ஓட்டுநர்களின் தலைக் காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941இல் எழுதினார். அதைச் சட்டமாக்கிய முதல் இடம் எங்கள் விக்டோரியா, 1961இல்.

தலைக்குச் சட்டம் இருக்கிறது, மற்ற உடம்புக்கு இல்லை. தாரில் உரசினால் சாதாரண ஜீன்ஸ் ஒரு விநாடிகூடத் தாங்காது. அதிகம் அடிபடுவது கால்களும் கைகளும். 2018 முதல் 'மோட்டோகேப்' என்ற திட்டத்தில் கடையில் விற்கும் ஜக்கற், களிசான், கையுறைகளை வாங்கிச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். சோதனை நடப்பது ஜீலோங் பக்கத்து வோர்ன் பொண்ட்ஸில், டீக்கின் பல்கலைக்கழகத்தில். விலை கூடியது நல்லது என்ற எங்கள் நினைப்பு அந்தப் பட்டியலைப் பார்த்தபோது போய்விட்டது. வெப்பத்தை எவ்வளவு வெளியே விடும் என்றும் தனியாக நட்சத்திரம் உண்டு. சனவரி வெயிலில் உள்ளே வேர்த்து மயங்குகிறவனும் விழத்தான் செய்வான்.

காதை யாரும் நினைப்பதில்லை. மணிக்கு 100 கிலோமீற்றரில் தலைக்கவசத்துக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபெலைத் தாண்டும். தொழிற்சாலையில் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிப்பது 85. ஜீலோங் போய்வந்தபின் காதில் 'ஙொய்' என்று கேட்டால் அது காது கெடுவதன் அறிகுறி. காதடைப்பான் ஒன்று சில டொலர்தான். நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் எங்கள் வயதினர் குடும்ப வைத்தியரிடம் கேட்காமல் ஏறவே கூடாது.

இனி வேகம். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டி, விழுந்து கை முறிந்த யூடியூபர் டிடிஎஃப் வாசனை எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். அவருடைய உரிமத்தைப் பத்தாண்டுக்குப் பறித்தார்கள். வேக ஆசை வந்த பிள்ளைக்கு "அடங்கி இரு" என்று சொன்னால் அது பிரின்சஸ் ஃப்ரீவேயில் நள்ளிரவில் தீர்த்துக்கொள்ளும். பந்தயத் தடத்துக்குப் போகட்டும் என்கிறோம் நாங்கள்.

பிலிப் தீவுத் தடத்துக்குச் சின்னவனோடு ஒரு முறை போனோம். காலையில் விளக்கம், பிறகு வேகத்துக்கு ஏற்பக் குழுக்கள், முழுத் தோலுடை, முதுகுக் காப்பு. எதிரே வாகனம் இல்லை, மரமோ கம்பமோ இல்லை, முதலுதவிக்காரர் பக்கத்திலேயே. அன்று போட்டி இல்லை, பரிசும் இல்லை. நாலரைக் கிலோமீற்றர் தடம், பக்கத்தில் கடல், உடம்பைத் துளைக்கும் குளிர் காற்று. பின்னேரம் கை சோர்ந்து கவனம் குறையும் என்று பயிற்றுநர் சொன்னார். கடைசிச் சுற்றை விட்டுவிட்டு வந்தவனைப் பார்த்து, ஏழு மாதம் ஒளித்தவனா இவன் என்று நினைத்துக்கொண்டோம்.

தடத்தில் ஆபத்தில்லை என்று சொல்ல மாட்டோம். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 2023 ஓகஸ்டில் தேசியப் போட்டியில் விழுந்த பதின்மூன்று வயதுப் பையன் இறந்தான். பதின்மூன்று வயதில் போட்டி என்பதை எங்களால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. வீதியில் அடிபட்டால், பிழை யாருடையதாக இருந்தாலும் ரி.ஏ.சி. வைத்தியச் செலவைப் பார்க்கும். ஒழுங்குசெய்யப்பட்ட பந்தயத்திலோ வேகப் போட்டியிலோ அடிபட்டால் அது பொருந்தாது. போட்டியில்லாத பயிற்சி நாளுக்கு என்ன நிலை என்று காசு கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மெடிகெயர் அம்புலன்சுக்குக் காசு கொடுக்காது. விக்டோரியா அம்புலன்ஸ் சந்தாவை அன்றே கட்டுங்கள்.

இப்போது மோட்டார் சைக்கிள் எங்கள் கராஜில் நிற்கிறது. கையுறை கதவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. எங்களில் ஆண் பாதி, எம்.டி. 90 ஓட்டிய அதே ஆள், அடுத்த மாதம் இரண்டு நாள் பழகுநர் வகுப்புக்குப் பேர் கொடுத்திருக்கிறார். பெண் பாதிக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. வகுப்பு முடியட்டும், பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்.