தூங்காமல் ஏறும் மலை

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு எழுந்து, பகலெல்லாம் வேலை பார்த்து, இரவு ஒன்பதுக்குச் சென்னையில் காரை எடுக்கும் இளைஞர் வத்தலக்குண்டைத் தொடும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும். கொடைக்கானல் மலைப்பாதையே அதன்பின்தான். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது ஏறியவரின் அளவுக்குச் சரிந்துவிடுகிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் சட்டத்தின் வரம்பு 30 மில்லிகிராம். கொண்டை ஊசி வளைவைத் திருப்பும் நம் இளைஞரோ இருபது மணி நேரத்தைத் தாண்டியவர்.

சனி இரவு கேம்ப் ஃபயர், ஞாயிறு உச்சிப்பொழுதுவரை உறக்கம், அன்றிரவே திரும்பும் பயணம். உடலுக்குள் ஓடும் கடிகாரத்தை அன்றாடம் திருத்துவது காலை வெளிச்சம். அது கிடைக்காத நாட்களில் கடிகாரம் பின்தங்குகிறது. பிறகு சீக்கிரம் படுத்தாலும் கண் மூடாது. வேலை நாளுக்கும் விடுமுறைக்கும் இடையில் தூக்க நேரம் இப்படி விலகுவதற்கு ஜெர்மனியின் டில் ரோனெபெர்க் குழு 2006இல் ‘சோஷியல் ஜெட்லாக்’ என்று பெயரிட்டது. இருபது வயதையொட்டிய உடல் இயல்பாகவே பிந்தித் தூங்கும். ஆகவே பிள்ளைகளைச் சோம்பேறி என்று ஏசுவதில் நியாயமில்லை.

அதிகம் பேசப்படாதவர்கள் மலையிலேயே வாழும் இளைஞர்கள். விருந்தினரின் நெருப்பு அணையும்வரை ரூம் பாய் நிற்கிறார்; சூரிய உதயம் காட்ட டாக்சி ஓட்டுநர் இருட்டிலேயே எழுகிறார். 2025 கோடைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் கொடைக்கானலுக்கு வகுத்த தினசரி வரம்பு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000. கூடுதலாக வரும் அந்த 2,000 வண்டிகளின் சுமை இவர்களின் இரவில்தான் இறங்குகிறது.

நிறுவனங்கள் வெள்ளி மாலைக் கூட்டங்களைக் கைவிடட்டும். பயணிகள் அன்றிரவு திண்டுக்கல்லில் தங்கி விடிந்தபின் ஏறலாம். விடுமுறையிலும் வழக்கமான நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து, குறைந்ததை மதியக் குட்டித்தூக்கத்தில் ஈடுகட்டலாம். இரவு பத்துக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டிலிருந்தே விதி. ரிசார்ட்டுகள் அதை மதிக்க வேண்டும். விடியலில் வந்து சேர்பவரைப் பகல் 12 மணிவரை வாசலில் காக்க வைக்காமல் படுக்க ஓர் இடம் கொடுக்க வேண்டும். ஊழியருக்கு வார விடுப்பு ஞாயிறை ஒட்டியே கிடைக்க வேண்டும்.

அடுத்த சீசனுக்குள் நகராட்சியும் விடுதி உரிமையாளர்களும் டாக்சி ஓட்டுநர்களும் கூடி உட்கார்ந்து இவற்றை முடிவு செய்ய வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு ரூம் பாய்களையும் அழைக்க வேண்டும்.