ஹோம்வொர்க் கேட்டால் விடை சொல்லலாமா?

"அண்ணா, லிங்க்ட் லிஸ்டைத் தலைகீழாக்கிற கோட் வேணும். நாளைக்கு சப்மிஷன், ப்ளீஸ்." யூனி தொடங்கி ஒரு மாதத்துக்குள் இப்படி மெசேஜ் வரத் தொடங்கிவிடும். போன எபிசோடில் இதை ஒரு நிமிஷத்தில் தாண்டிப் போய்விட்டோம். அதனால் இங்கே கொஞ்சம்.

என்னைக் கேட்டால், ஹோம்வொர்க் எண்டு தெரிஞ்சாலும் உதவலாம். முழுக் கோடையும் எழுதிக் கொடுக்கிறதுதான் கூடாது.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒருகாலம் இதற்கென்றே 'ஹோம்வொர்க்' என்று தனி டேக் இருந்தது. 2012இல் அதைக் கைவிட்டார்கள். நல்ல முடிவு. கேள்வி வகுப்பிலிருந்து வந்ததா, வேலையிலிருந்து வந்ததா என்பது யாருக்கு வேணும்? கேட்கிறவர் தான் என்ன செய்து பார்த்தார், எங்கே சிக்கினார் என்று சொல்கிறாரா என்பதுதான் விஷயம்.

அந்த லிங்க்ட் லிஸ்டையே எடுங்கோ. முதலாம் வருஷத்தில் நிறையப் பேர் விழுகிற இடம் ஒன்றுதான். ஒரு நோடின் நெக்ஸ்ட் பாயின்டரைப் பின்பக்கம் திருப்பிவிடுவார்கள். பழைய நெக்ஸ்டை எங்கேயும் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். மிச்ச லிஸ்ட் கையை விட்டுப் போய்விடும். நான் கோடைக் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் முடிஞ்சுது. "திருப்ப முதல் அடுத்த நோடை எங்க வச்சனீங்கள்?" எண்டு கேட்டு, பேப்பரில் மூன்று பெட்டி கீறி அம்புக்குறி போடச் சொன்னால் அரை மணித்தியாலம் போகும். ஆனால் அடுத்த கிழமை டபுளி லிங்க்ட் லிஸ்ட் வந்தால் என்னைத் தேட மாட்டார்.

கொப்பி அடிக்கிறதில் ஆபத்தும் இருக்கு. மாஸ் என்ற மென்பொருள் 1994இலிருந்தே ஒரே மாதிரிக் கோடைப் பிடிக்கிறது. வேரியபிள் பெயரை மாற்றினால் அது ஏமாறாது.

"நீங்கள் சொல்லாட்டி சாட்ஜிபிடி சொல்லும்தானே?" சொல்லும், சில விநாடிகளில். அதனால்தான் மனிதரிடம் வந்து கேட்கிற பிள்ளையிடம் "கூகிள் பண்ணு" எண்டு சீறக் கூடாது என்கிறேன். என்ன சொல்லித் தேடுறதெண்டே அவருக்கு இன்னும் தெரியாது.

கான்ட்ராக்டில் நான் போகிற இடங்களில் முதல் கிழமை புதுக் கோட் எழுதுவது குறைவு. யாரோ எழுதிவிட்டுப் போனது ஏன் விழுகிறது என்று தேடுவதற்குத்தான் காசு தருகிறார்கள். அந்தத் தேடலை உங்களுக்காக நான் செய்து தந்தால், பிறகு உங்களுக்கு யார் காசு தருவது?

ஆகவே கேளுங்கோ. எரர் மெசேஜ் முழுதாக, நீங்கள் எழுதின கோடோடு. ஃபோனில் எடுத்த படம் வேண்டாம், டெக்ஸ்டாக அனுப்புங்கோ.